கோடு போட முடியாத கட்டி

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆடிக் கிருத்திகை முடிந்த அடுத்த வாரம், வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூளை ஆபரேஷன் செய்கிற ஒரு டாக்டரம்மாவைப் பார்த்து நான் கத்திய கத்தல் இன்னமும் என் காதில் கேட்கிறது. வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். யாரும் என்னைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன், என் சுபாவம் அப்படி. அந்தக் கத்தலுக்காக நான் கூனிக் குறுகிப் போன கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நான் ஆம்பூர்க்காரி. ஒரு ஷூ கம்பெனியில் தோல் செக்கிங் மேஜையில் பத்தொன்பது வருடமாக நிற்கிறேன். சாயம் ஏற்றி வருகிற ஆட்டுத் தோலை மேஜையில் விரித்து, டியூப்லைட் வெளிச்சத்தில் உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு, உரிக்கும்போது பட்ட கத்தி வெட்டு, கறை என்று எது இருந்தாலும் அதைச் சுற்றி வெள்ளி நிறப் பேனாவால் ஒரு கோடு போட வேண்டும். கட்டிங் செய்கிறவர்கள் அந்தக் கோட்டுக்குள் இருப்பதை ஒதுக்கிவிட்டு, மீதியில் ஷூவுக்கான துண்டுகளை வெட்டுவார்கள். நான் கோட்டைக் கொஞ்சம் தாராளமாகவே போடுவேன். "இவ்ளோ பெருசா போட்டா தோல் வேஸ்ட் ஆவுதும்மா" என்று சூப்பர்வைசர் வந்து கெஞ்சினாலும் கேட்க மாட்டேன். கெட்டது ஒரு நூல் அளவு கூட ஷூவுக்குள் போகக் கூடாது என்பது என் பிடிவாதம். அதனால் எனக்கு செக்ஷனில் நல்ல பெயரும் உண்டு, திட்டும் உண்டு.

என் வீட்டுக்காரர் ஒரு டேனரியில் சாய டிரம்மில் வேலை பார்த்தார். டிரம் என்றால் ஒரு அறை அளவுக்குப் பெரிய மரப் பீப்பாய். அது சுற்றச் சுற்ற உள்ளே கிடக்கிற தோலில் சாயம் ஏறும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் இருபத்தாறு வருடம் பேசிப் பேசி, அவருக்கு மெதுவாகப் பேசவே வராமல் போய்விட்டது. அவர் வீட்டில் உப்பு கேட்டால் அடுத்த தெருவில் இருப்பவள் உப்பு எடுத்துக்கொண்டு வருவாள் என்று நான் கிண்டல் செய்வேன். ஆனால் பேச்சில் மன்னன். கல்யாண வீட்டில், சாவு வீட்டில், பஸ் ஸ்டாண்டில், எங்கே நின்றாலும் பத்து பேர் சுற்றி நிற்பார்கள். எனக்கும் வாய் ஜாஸ்தி. நாங்கள் இருவரும் சண்டை போட்டால் எங்கள் மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள்.

அந்தப் பேச்சில்தான் முதலில் கோளாறு தெரிந்தது. வண்டிச் சாவியைக் கேட்க வந்தவர், "அந்த சீப்ப எடு" என்றார். டம்ளரைக் காட்டி, "அது... அது... இன்னாமே அது" என்று தடுமாறினார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். "வயசாவுது இல்ல" என்றார், நாற்பத்தெட்டு வயதில். பத்து நாள் கழித்து, ஒரு காலையில் ஷேவ் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவரோடு டிரம்மில் வேலை பார்க்கிற பாய் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார், அவருக்கு நெருங்கிய தோஸ்த். அவர்தான் ஒரு வண்டியைப் பிடித்து எங்களை வேலூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வழியில் பள்ளிகொண்டா தாண்டும்போது என் வீட்டுக்காரருக்கு நினைவு திரும்பியது. எழுந்ததும் பாயைப் பார்த்து, "டிரம்மு யார் பாக்கறாங்க?" என்றுதான் கேட்டார்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடது பக்கத்தில், பேச்சுக்கான இடத்தை ஒட்டி, ஒரு கட்டி. டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். சின்ன உருவம், நிதானமான குரல். ஆபரேஷன் நடக்கும்போது பாதியில் அவரை விழிக்க வைத்து, பேச வைத்துக்கொண்டே கட்டியை எடுப்போம் என்றார். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். "மண்டைய தெறந்து வெச்சிகினு பேச்சா!" என்று என் வீட்டுக்காரர் மட்டும் ஆர்வமாகக் கேட்டார். மூளையைத் தொட்டால் வலி தெரியாது, தோலுக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போடுவோம், பயப்படாதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னார். "எடுக்க முடிஞ்ச வரைக்கும் எடுப்போம்மா" என்று என்னிடம் சொன்னார். அதில் 'எடுப்போம்' மட்டும்தான் என் காதில் விழுந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தலையில் கட்டோடு படுத்திருந்தவர் என்னைப் பார்த்ததும், "சாப்டியாமே?" என்றார். தெளிவாக, ஒரு எழுத்து குறையாமல். நான் கும்பிடாத சாமி இல்லை. சோளிங்கர் மலைக்குப் படியேறி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அந்த சந்தோஷம் இரண்டு நாள்தான். மறுபடியும் ஒரு ஸ்கேன் எடுத்து, அதன் ரிப்போர்ட்டை ஃபைலில் வைத்தார்கள். கம்பெனியில் தினமும் இங்கிலீஷில் ரிப்போர்ட் பார்க்கிறவள் நான். எடுத்துப் படித்தேன். முழுக்க விளங்காவிட்டாலும், கட்டி இன்னும் மிச்சம் இருக்கிறது என்பது விளங்கிவிட்டது. ஒரு வாரத்தில் பரிசோதனை முடிவும் வந்தது. கிரேடு நாலு. வேகமாகப் பரவுகிற, மோசமான ஜாதிக் கட்டி.

அன்றைக்குத்தான் அந்தக் கத்தல்.

அவரைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, ரிப்போர்ட்டை மேஜையில் வைத்தேன். "மிச்சம் வெச்சிட்டு தையல் போட்டுட்டீங்களே, இது இன்னா வேலைங்க? எங்க கம்பெனில ஒரு பீஸ்ல இவ்ளோ கறைய விட்டுட்டு பாஸ் பண்ணா, அன்னிக்கே என்ன வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மறுபடியும் தெறங்க. கொஞ்சம் பெருசாவே வெட்டி எடுங்க. இது சுத்தமா போவணும்" என்று ஆரம்பித்தேன். குரல் ஏற ஏற எனக்கே என்ன பேசுகிறேன் என்று தெரியவில்லை. அரைகுறை வேலை, அலட்சியம், ஏழை என்றால் இளக்காரமா என்றெல்லாம் கேட்டுவிட்டேன்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "இது தனியா ஒரு உருண்டையா இருக்கற கட்டி இல்லம்மா" என்று தொடங்கினார். அப்போது என் வீட்டுக்காரர் திரையை உற்றுப் பார்த்து, "மேடம், பின்பக்கம் எவ்ளோ ஏறியிருக்கு?" என்று கேட்டார்.

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். கேள்வி சரியான கேள்வி என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பதில் சொல்ல வாயெடுத்தார். நான் விட்டேனா? "நீங்க சும்மா இருங்க, நான் பேசிகினு இருக்கேன் இல்ல" என்று என் வீட்டுக்காரரை அடக்கினேன். வீட்டுக்குள் அவரை 'நீ' என்பேன், வெளியே 'நீங்க' என்பேன், அந்த மரியாதையை மட்டும் விடவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டார். டாக்டரம்மா திரையைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டு, "நீங்க வீட்டுக்குப் போய் அவரோட உக்காந்து பேசுங்க. அவர்கிட்ட கேளுங்க. அப்புறம் வாங்க" என்றார். பதில் இல்லாததால் தட்டிக் கழிக்கிறார் என்று நினைத்தேன். ஃபைலைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பிறகு என் அண்ணனைக் கூட்டிக்கொண்டு, ஸ்கேன் போட்ட சி.டி.யோடு சென்னைக்குப் போனேன். அங்கே இன்னொரு ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டரைப் பார்த்தேன். அவர் ரொம்ப நேரம் படங்களைப் பார்த்தார். மறுபடியும் ஆபரேஷன் செய்து, இன்னும் கொஞ்சம் அகலமாக எடுக்கலாம் என்றார். ஆனால் பேச்சு போய்விட அதிக வாய்ப்பு இருக்கிறது, வலது கையும் காலும் வராமல் போகலாம், அப்படிச் செய்தும் கட்டி முழுசாகப் போய்விட்டது என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் நன்றாக யோசித்து வாருங்கள் என்றும் சொன்னார். அவரும் ஒளிவுமறைவு இல்லாமல்தான் சொன்னார். நான்தான் முன்பாதியைப் பிடித்துக்கொண்டு பின்பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். உயிர் இருந்தால் போதும், பேச்சு இல்லாவிட்டால் என்ன, நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா? இதுதான் என் கணக்கு. வியாழக்கிழமை வந்து சேருங்கள் என்று நாள் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அவரிடம் சொன்னபோது, அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாதாரணமாக நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவர். பயத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள், "அப்பாவ கேட்டியாம்மா?" என்றாள். "நல்லதுக்குத்தானே பண்றேன், இதுல கேக்கறதுக்கு இன்னா இருக்கு?" என்று அவள் வாயையும் அடைத்தேன்.

புதன்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, சென்னைக்குக் கொண்டுபோக வேண்டிய துணிமணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பாய் வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. "தோஸ்த் போன் பண்ணி எடுத்தாரச் சொன்னான். இன்னா கேக்கறான்னே மொதல்ல புரியல, நாலு வாட்டி கேட்டு அப்புறம்தான் புரிஞ்சுது" என்றார். பையிலிருந்து ஒரு தோல் துண்டை எடுத்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். இரண்டு கை அகலம் இருக்கும். சாயம் போடாத வெளிர் நிறத் தோல், ஷூவின் உள்பக்கத்துக்குப் போடுவதற்காக வைத்திருப்பது. அதன் நடுவில் கறுப்புச் சாயம் சொட்டிய கறை, எட்டணாக் காசு அளவுக்கு.

"இன்னாமே, நீ செக்கர்தானே? இத செக் பண்ணு" என்றார் என் வீட்டுக்காரர்.

"எனக்கு இருக்கற வேலையில இது ஒண்ணுதான் கொறச்சல்" என்றேன்.

"பண்ணுமே. கோடு போடு."

என் கைப்பையில் எப்போதும் அந்தப் பேனா ஒன்று கிடக்கும். சலித்துக்கொண்டே எடுத்து, கறையைச் சுற்றி, என் வழக்கப்படி அரை விரல்கடை தள்ளி, ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை வாங்காமல், "பின்னால திருப்பு" என்றார்.

எங்கள் மேஜையில் நாங்கள் தோலின் மேல்பக்கத்தை மட்டும்தான் பார்ப்போம். ஷூ போடுகிறவர் கண்ணுக்குத் தெரிவது அதுதான். பின்பக்கம், சதையை ஒட்டியிருந்த பக்கம், டேனரிக்காரர்கள் கவலை. திருப்பினேன். மேலே எட்டணா அளவு இருந்த கறை, பின்னால் என் உள்ளங்கை அளவுக்குப் பரவியிருந்தது. நடுவில் கறுப்பு, அப்புறம் சாம்பல், அதற்கப்புறம் ஒரு மாதிரி மங்கல், அந்த மங்கல் எங்கே முடிந்து நல்ல தோல் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்லவே முடியவில்லை. தோலில் இருக்கும் நாரைப் பிடித்துக்கொண்டு சாயம் நாலா பக்கமும் ஓடியிருந்தது. ஒரு பக்கம் மெல்லிய கோடாக விளிம்பு வரைக்கும் போயிருந்தது.

"இப்ப போடு கோடு" என்றார்.

நான் பேனாவைக் கொண்டுபோனேன். சாம்பல் நிறத்தை ஒட்டி வைத்தேன். அதற்கு வெளியேயும் மங்கலாக இருந்தது. இன்னும் தள்ளி வைத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அதற்கு அப்பாலும் இருப்பது போலத் தெரிந்தது. அத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரு தோலில் எனக்குக் கோடு போடத் தெரியவில்லை. பேனாவை மூடிக் கீழே வைத்தேன்.

"அந்தம்மா கம்பியூட்டர்ல காட்டினாங்களே, நடுவுல வெள்ளையா, சுத்தி புகை மாதிரி. பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு எனக்கு. இது பெனட்ரேஷன்மே, சாயம் உள்ள ஊறிப் போறது. ஏறிடுச்சு. மேல தெரியறத எடுத்துட்டாங்க. நாருக்குள்ள பூந்து போனத எந்தக் கத்திய வெச்சி எடுப்ப? எடுக்கணும்னா தோலத்தான் எடுக்கணும்."

பாய் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "அதுக்கு? சும்மா உட்டுடலாமா? உன்ன உட்டுடச் சொல்றியா?" என்று கத்தினேன்.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. ஆபரேஷன் அன்று நடந்ததை அப்போதுதான் சொன்னார். அவர் விழித்துக்கொண்டிருந்தார் அல்லவா, எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. அவரே சொன்ன மாதிரி எழுதுகிறேன்.

"ஒரு பொண்ணு எதுத்தாப்ல உக்காந்துகினு படமா காட்டிச்சு. குடை, சைக்கிள், வாழப்பழம். நான் சொல்லிகினே வந்தேன். அந்தம்மா பின்னால இருந்து ஒவ்வொரு எடமா தொட்டு தொட்டு பாக்கறாங்க. அப்ப ஆட்டு படம் காட்டிச்சு அந்தப் பொண்ணு. எனக்கு தெரியுது, நாலு காலு, கொம்பு, நான் இருவத்தாறு வருசமா அது தோல்லதான் சோறு துன்றேன். வாய்ல வரல. ஒரு சத்தம் கூட வரல. பயந்துட்டேம்மே. அந்தம்மா கைய எடுத்தாங்க. எடுத்த ஒடனே வந்துச்சு. ஆடு, ஆடு, ஆடுன்னு மூணு வாட்டி கத்தினேன். உள்ள இருந்தவங்க எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அந்த எடத்தோட நிறுத்திட்டாங்க. அவங்க ஒண்ணும் வேலை தெரியாம உடல. எனக்காக நிறுத்துனாங்க."

அதோடு முடியவில்லை. ஆபரேஷனுக்கு முதல் நாள், ரத்தம் கொடுக்க ஆட்களைக் கூட்டிவர நான் ஆம்பூருக்கு வந்திருந்தேன். அந்த நேரத்தில் டாக்டரம்மா வந்து அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். பேச்சு வருகிற இடத்தில் கட்டி நுழைந்திருந்தால் அதையும் எடுத்துவிடட்டுமா, இல்லை அந்த இடத்தை விட்டுவிடட்டுமா, ஸ்கேனில் பார்த்த வரைக்கும் மோசமான ஜாதி போலத் தெரிகிறது, எடுத்தாலும் திரும்ப வரத்தான் பார்க்கும் என்று விவரமாகச் சொல்லிவிட்டுக் கேட்டிருக்கிறார். இவர் சொன்ன பதில்: "பேச்ச தொடாதீங்க மேடம். எங்க வீட்டுல என் பொண்டாட்டிய எதுத்து பேச வேற ஆள் இல்ல."

ஆக, எதை மிச்சம் வைத்தார்கள் என்று நான் ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினேனோ, அதை மிச்சம் வைக்கச் சொன்னது என் புருஷன். அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு, இது உன் புருஷனே சொன்னதுதான் என்று ஒரு வார்த்தை அந்த டாக்டரம்மா சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் என் புருஷன்தான் என்று விட்டுவிட்டார். அவரிடம் கேளுங்கள் என்று மட்டும் சொன்னார். நான் கேட்கவில்லை. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, தலை வலிக்கிறதா என்று நூறு கேள்வி கேட்டவள், உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவை கேட்கவில்லை. வேலூர் டாக்டரைக் கேட்டேன், சென்னை டாக்டரைக் கேட்டேன், என் அண்ணனைக் கேட்டேன், கோயிலில் பூ வைத்துக் கூடக் கேட்டுப் பார்த்தேன்.

"ஏன்யா இத மொதல்லயே சொல்லல?" என்று கேட்டேன்.

"எங்க உட்ட?" என்றார்.

பாய் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அப்புறம் அவரே முதலில் அழுதார். நான் பையில் அடுக்கிய துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் பீரோவில் வைத்தேன். எவ்வளவு நேரம் அதைச் செய்தேன் என்று தெரியவில்லை. கையில் இருக்கிற உயிரை விட்டுவிடுகிறோமோ என்று ஒரு பக்கம் நெஞ்சு அடித்துக்கொண்டது. அது உடனே அடங்கிவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த வாரம் வேலூர் போனோம். டாக்டரம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வழி நெடுகப் பேச்சைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அறைக்குள் போனதும் எல்லாம் மறந்து, "தப்பா பேசிட்டேங்க" என்று மட்டும் வந்தது. "பரவால்லம்மா, உக்காருங்க. இவர் எப்படிப் பேசறார்?" என்றார். "நல்லா பேசறேன் மேடம். வீட்டுலதான் பேஜாரா இருக்கு" என்றார் இவர்.

அன்றைக்கு டாக்டரம்மா சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டேன். இந்தக் கட்டியின் அணுக்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை, மூளைக்குள் ஓடுகிற நரம்பு நார்களைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும், ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிகிற இடத்தைத் தாண்டி, எதுவுமே தெரியாத இடத்திலும் போய் உட்கார்ந்திருக்கும், சில பேருக்கு அடுத்த பக்கத்துக்கே தாண்டிவிடும், அதனால்தான் எவ்வளவு அகலமாக வெட்டினாலும் முழுசாக எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது என்றார். கதிர்வீச்சும் மாத்திரையும் அதன் வேகத்தைக் குறைக்கும், நிறுத்திவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். எத்தனை நாள் என்று நான் கேட்டேன். நாள் சொல்ல மாட்டேன், சொன்னால் நீங்கள் நாளை எண்ணிக்கொண்டிருப்பீர்கள் என்றார். என் வீட்டுக்காரர், "சரிங்க மேடம், டிரம்ம ஓட்டிப் பாப்போம்" என்றார்.

ஆறு வாரம் கதிர்வீச்சு. வாரத்தில் ஐந்து நாள் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு பஸ்ஸில் போய் வந்தோம். முடி ஒரு பக்கம் கொட்டியது, சோறு இறங்கவில்லை, ஆனால் பேச்சு நிற்கவில்லை. கண்டக்டர்கள் எல்லாம் பழக்கமாகிவிட்டார்கள். கார்த்திகை மாத மழையில் காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்து கோடி போகிறது என்று யாரோ சொல்ல, பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தார். மகளையும் கூட்டிக்கொண்டு போனோம். கரையில் நின்றுகொண்டு, அவருடைய தாத்தா அந்த ஏரியில் மீன் பிடித்து மாட்டிக்கொண்ட கதையை, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவர்களும் கேட்கிற மாதிரி ஒரு மணி நேரம் சொன்னார். பாதி பொய். மகள் அதை போனில் பதிவு செய்தாள்.

சண்டையும் போட்டோம். வியாதிக்காரர் என்று நான் விட்டுக்கொடுத்தால் அவருக்குப் பிடிக்காது. "இன்னா, பரிதாபப்படறியா?" என்று வம்புக்கு இழுப்பார். மகள் காலேஜில் என்ன படிப்பது என்பதில் எங்களுக்குள் நடந்த சண்டை மூன்று நாள் ஓடியது. நான் நர்சிங் என்றேன், அவர் அவள் கேட்கிற கணக்குப் படிப்பைக் கொடு என்றார். கடைசியில் அவர்தான் ஜெயித்தார். அவளுடைய அட்மிஷனுக்கு வந்து, பிரின்சிபாலிடம் பத்து நிமிடம் பேசி, அவரையும் சிரிக்க வைத்துவிட்டு வந்தார். பாயோடு பழைய கோபதாபங்களைப் பேசித் தீர்த்தார். என்னிடம், கல்யாணமான புதிதில் என்னை ஒரு தடவை கை நீட்டி அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டார். இருபது வருடம் கழித்து. நான் மறந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். அவர் மறக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பதினான்கு மாதம். அதில் கடைசி இரண்டு மாதம் கட்டி மறுபடியும் பரவி, வார்த்தைகள் ஒவ்வொன்றாகப் போயின. முதலில் ஊர்ப் பெயர்கள், அப்புறம் சாமான்களின் பெயர்கள், அப்புறம் எங்கள் பெயர்கள். டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நாங்கள் மிரண்டுபோகவில்லை. புரட்டாசியில் ஒரு மத்தியானம், நானும் மகளும் பாயும் பக்கத்தில் இருக்க, வீட்டில், அவர் கட்டிலில் அமைதியாகப் போய்விட்டார்.

இன்றைக்கும் எங்கள் செக்ஷனில் யார் வீட்டில் யாருக்கு நோய் என்றாலும், விவரம் தெரிந்தவள் என்று என்னிடம்தான் ஃபைலைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். நான் பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால், படுத்திருக்கிறவரைக் கேட்டீர்களா என்று கேட்கிறேன். பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை. நானும் ஒரு பையில் துணியை அடுக்கி வைத்துக்கொண்டு, அவருக்கு நல்லது செய்கிறேன் என்று முழு மனசோடு நம்பிக்கொண்டு, அவர் தனக்கென்று கேட்டு வாங்கிய ஒரே ஒன்றைப் பறிக்க ஒரு நாள் தூரத்தில்தான் நின்றிருந்தேன். அந்தப் பதினான்கு மாதமும் அவர் பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்திருப்பார் என்று நினைத்தால், இப்போதும் எனக்குக் குலை நடுங்குகிறது.